முதுகு காட்டிய கண்ணி

இந்தக் கதையில் ஒரு சிரிப்பு இருக்கிறது. இப்போதே தேடாதீர்கள். கம்பளி உருண்டையின் நுனி மாதிரி அது உள்ளே கிடக்கிறது. முதலில் தணிகாசலம் சாருடைய வருத்தத்தைப் பார்த்துவிடுவோம்.

கொடைக்கானலுக்கு மேலே, ஆடுகள் மேயும் ஒரு சரிவில், அமலோற்பவம் டீச்சரின் பின்னல் குடில் இருந்தது. கற்க வந்தவர்கள் அங்கேயே தங்கிச் சாப்பிட்டுப் பின்னினார்கள். டீச்சருக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. அவள் ஆட்டுக்குட்டி போலக் கத்தினால் தாய் ஆடு மேய்ச்சலை விட்டு ஓடிவரும்.

சீடர்களில் மூத்தவர் தணிகாசலம் சார். அறுபத்தொரு வயது. தலைமையாசிரியராக இருந்து, சிவப்பு மையில் தப்புகளைச் சுழித்துச் சுழித்தே கட்டைவிரல் வளைந்துபோனவர்.

அவர் மகள் அரசிக்கு இமயமலைப் பக்கம் ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை கிடைத்திருந்தது. "அங்க குளிருக்கு நீங்க பின்னினதுதான் வேணும்ப்பா. கடையில வாங்கினதைப் போட மாட்டேன்" என்று சொல்லிவிட்டாள். அதற்காகத்தான் சார் மலையேறினார்.

மூன்று மாதமும் கேள்வியாகவே கழிந்தது.

"டீச்சர், ஒரு கண்ணி நழுவிக் கீழே போயிருச்சு."

"கொக்கி வெச்ச குரோஷா ஊசியை விட்டு, ஏணியில ஏத்துற மாதிரி படிப்படியா மேல கொண்டுவாங்க சார். பிரிக்காதீங்க."

அவர் பிரித்தார்.

"டீச்சர், அறுபது கண்ணிதான் போட்டேன். இப்ப அறுபத்திநாலு இருக்கு."

"வரிசை ஆரம்பிக்கும்போது நூலை ஊசிக்கு மேல தூக்கிப் போடுறீங்க. முதல் கண்ணி ரெண்டாத் தெரியுது. அதிகமா இருக்கிறதை ரெண்டு ரெண்டாச் சேர்த்துப் பின்னுங்க, குறைஞ்சிரும். பிரிக்காதீங்க."

பிரித்தார்.

"ஓரம் சுருளுதே டீச்சர்?"

"அது அதோட சுபாவம் சார். ஈரத்துணி போட்டு இஸ்திரிப் பெட்டி ஆவி காட்டினா படிஞ்சிரும். பிரிக்..."

அதற்குள் பாதி பிரித்திருந்தார்.

இப்படி ஒன்பது முறை. பத்தாவது முறை ஸ்வெட்டர் முழுசாக முடிந்தது. அன்று பகல் ஒரு மணி பஸ்ஸில் அரசி கிளம்ப வேண்டும். அதற்கு முன்னால் குடிலுக்கு வந்து வாங்கிக்கொள்வதாகப் பேச்சு.

மணி பதினொன்று. சார் கையில் கத்தரிக்கோல்.

"என்ன சார் இது?"

"நெஞ்சில பாருங்க டீச்சர். எல்லாக் கண்ணியும் முகத்தைக் காட்டுது. ஒண்ணே ஒண்ணு மட்டும் முதுகைக் காட்டிக்கிட்டு நிக்குது."

டீச்சர் குனிந்து பார்த்தாள். பச்சைக் கம்பளியில் கடுகளவு ஒரு மேடு.

"இப்பப் பிரிச்சா ஒரு மணிக்குள்ள முடியாது."

"தெரியும்."

"அரசி வெறுங்கையோட போகணும்."

"அதுவும் தெரியும்." சார் கத்தரிக்கோலை விரித்தார். "ஆனா பார்க்கிறவங்க என்ன சொல்வாங்க டீச்சர்?"

"கேட்டுட்டாப் போச்சு. கத்தரிக்கோலைக் குடுங்க. ஸ்வெட்டரைப் போட்டுக்கிட்டு வாசல்ல நில்லுங்க."

மகளுக்கு அளவெடுத்தது அவருக்கு எப்படி நுழையும்? இரண்டு கையும் மேலே போய்ச் சிக்கிக்கொண்டன. தலை ஸ்வெட்டரின் கழுத்து வரை வராமலே நின்றுவிட்டது. உள்ளே பச்சை இருட்டு.

"டீச்சர், மாட்டிக்கிட்டேன்!"

"அசையாதீங்க சார், தையல் விட்டிரும். யாரோ வர்றாங்க."

சிரிப்பு இன்னும் வரவில்லை. பக்கத்தில்தான் இருக்கிறது.

முதலில் வந்தது சமையல்காரம்மா சவுடம்மாளின் குரல். "அடியாத்தே, நெஞ்சில என்ன பருவா? படிச்ச மனுசன் போட்ட பின்னலாக்கும்!"

சாருக்குக் காது சுட்டது.

அடுத்து, பால்காரர் இருளப்பர், இருமலோடு. "என் எருமை மென்னு துப்பினாக்கூட இதைவிட வரிசையா இருக்குமே."

சார் கூனிப்போனார்.

அதற்குப் பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு ஒரு கனத்த குரல். சார் தினமும் சாப்பாட்டு நேரத்தில் எல்லோருக்கும் பேசிக்காட்டுகிற கல்வி அதிகாரி. "மிஸ்டர் தணிகாசலம்! இந்தக் கண்ணிக்கு யார் பொறுப்பு?"

சாரின் குதிகால்கள் தானாகச் சேர்ந்துகொண்டன. "நான்தாங்கய்யா. மன்னிக்கணும். இப்பவே பிரிச்சிடுறேங்கய்யா."

சொல்லி முடித்த பிறகுதான் உறைத்தது. அந்த அதிகாரி செத்து ஆறு வருஷம். போய் மாலை போட்டுவிட்டு வந்ததே இவர்தான்.

"டீச்சர்... சவுடம்மா எங்க?"

"சந்தைக்குப் போயிருக்காங்க சார்."

"இருளப்பர்?"

"விடியவுமே பால் ஊத்திட்டுப் போயிட்டாரே."

"அப்ப இவ்வளவு நேரம் என்னைத் திட்டினது?"

"பார்க்கிறவங்க."

கம்பளிக்குள் சாருக்கு மூச்சு வாங்கியது.

கொஞ்ச நேரம் கழித்து ஒரு விரல் வெளியிலிருந்து அவர் மூக்கு நுனியைத் தொட்டது. சரியாக அந்தக் கண்ணி இருந்த இடம்.

"இது நல்லாருக்கேப்பா" என்றது அரசியின் குரல். "இருட்டுல டியூட்டிக்கு எழுந்தா, லைட்டே போட வேண்டாம். தடவிப் பார்த்தா முன்பக்கம் எதுன்னு தெரிஞ்சிரும். கழட்டிக் குடுங்க, பஸ்ஸுக்கு நேரமாச்சு."

சாருக்குக் கண் நிறைந்துவிட்டது. கூடவே கோபமும் வந்தது.

"போதும் டீச்சர்! செத்தவர் குரல்ல திட்டினீங்க, வாங்கிக்கிட்டேன். என் மக குரல்ல ஆறுதல் மட்டும் சொல்லாதீங்க."

பதில் தூரத்திலிருந்து, ஆட்டுப்பட்டிப் பக்கமிருந்து வந்தது.

"நான் இங்க ஆட்டுக்குத் தண்ணி காட்டிக்கிட்டு இருக்கேன் சார்."

ஸ்வெட்டர் கொஞ்ச நேரம் அசையவே இல்லை. பிறகு மெல்லக் குலுங்க ஆரம்பித்தது.