சடகோபனின் காளான் படுக்கை

"குருபூஜைக் குழம்பை இந்த வருஷமாவது என்கிட்ட விடுங்கம்மா. எத்தனை நாள்தான் என்னைத் தோட்டத்துலயே வெச்சிருப்பீங்க?"

கேட்டவர் சடகோபன். பட்டாளத்தில் சமையல்காரராக இருந்து ஓய்வு பெற்று, மலையடி மடத்துக்குச் சீடராக வந்தவர். குரு மங்கையர்க்கரசி அம்மையைவிட வயதில் மூத்தவர்.

மனுஷருக்குத் தலைக்கனம் கொஞ்சநஞ்சமல்ல. சும்மா சொல்லக்கூடாது, அதற்கு நியாயமும் இருந்தது. வைக்கோலை ஊறவைத்து, அவித்து, அடுக்கி, விதை தூவி அவர் போட்ட படுக்கையில் காளான் முட்டை முட்டையாகத் திரண்டு, குடை விரித்து நின்றது. அடடா, என்ன வளர்த்தி!

அம்மை அவர் பறித்து வந்திருந்த காளான் கூடையைப் பார்த்தார்.

"இதெல்லாம் உங்களோடதா?"

"பின்னே? படுக்கை நான் போட்டது. விதை நான் தூவினது. அங்க வந்தது வேற யாரோடதாம்?"

அம்மை ஒரு பெரிய சிலேட்டை எடுத்தார். விரிந்த காளான்களைப் பொறுக்கிக் காம்பைக் கிள்ளினார். குடைகளைச் சிலேட்டில் வைத்துக் கிண்ணங்களால் மூடினார்.

"காலையில பார்க்கலாம்."

"அதுக்குள்ள வாடிடும்மா!"

"வாடட்டும்."

சடகோபனுக்குச் சுர்ரென்று ஏறியது. அந்த வேகத்திலேயே போய் மிளகும் தேங்காயும் வறுத்து அரைத்தார்.

விடிந்தது. குருபூஜைக்கு ஊர் ஊராக ஆட்கள் வந்து இறங்கினார்கள். அடுப்பில் மசாலா கொதித்தது. வாசனை வாசல் வரை வந்தது.

அம்மை கிண்ணங்களை எடுத்தார். குடைகளைத் தூக்கினார். ஒவ்வொன்றும் இருந்த இடத்தில் இளஞ்சிவப்பாகப் பொடி உதிர்ந்திருந்தது.

ஒன்றின் கீழே மட்டும் வெள்ளை. விபூதி மாதிரி வெள்ளை.

சடகோபன் குனிந்து அந்தப் பொடியை உற்றுப் பார்த்தார்.

"இது என் விதை இல்லையேம்மா."

"இல்ல. உங்க காளான் இளஞ்சிவப்பாத்தான் பொடி உதிர்க்கும். இந்த வெள்ளைப் பொடி வேற காளான், படுக்கையோரம் மரத்தடி மண்ணுல வந்தது. இதுவும் முட்டையாத்தான் முளைக்கும். தின்னா ஈரல் போயிடும்."

"கூடையில மிச்சம் இருக்கற முட்டையில எது எதுன்னு..."

"என் கண்ணுக்கும் தெரியாது."

சடகோபன் கூடையைத் தூக்கினார். வந்தவர்கள் பார்க்கப் பார்க்க, அத்தனையையும் குழியில் கொட்டி மண்ணைத் தள்ளினார். பிள்ளையைப் போல வளர்த்தது. கண் கலங்கிவிட்டது. ஆனாலும் பந்தி வரை கேட்கும்படி சொன்னார்:

"என் காளானோட விஷக் காளான் கலந்துடுச்சு. பறிச்சது நான்தான். பார்க்காமப் பறிச்சேன். இன்னிக்குக் கத்தரிக்காய்க் குழம்புதான்."

சொல்லிவிட்டு, யார் முகத்தையும் பார்க்காமல் மண்வெட்டியோடு தோட்டத்துப் பக்கம் நடந்தார்.

"நில்லுங்க," என்றார் அம்மை.

பந்தியில் ஒருவருக்குப் பொறுக்கவில்லை. "காளான் குழம்புன்னு சொல்லித்தானே இவ்வளவு தூரம் வந்தோம்? எல்லாத்தையும் கொட்டிட்டாரே! யாரும்மா இந்த ஆள்?"

அம்மை கரண்டியை எடுத்துச் சடகோபன் கையில் கொடுத்தார். முகமெல்லாம் பெருமை.

"என் சமையல்காரர்."