மழையோடு போகும் வழி

மலைமேல் இருந்த அந்தக் கல்லூரியிலிருந்து வெளியுலகுக்கு இரண்டு வழிகள். ஒன்று, பாறையோரம் புதைத்த கேபிள். மற்றது, கோபுரத்திலிருந்து அடிவாரத்துக்குக் காற்றில் போகும் ரேடியோ. இரண்டும் பிரியும் இடத்தில் ஒரு லினக்ஸ் கணினி. வெளியே போகிற எதுவும் அதைக் கேட்டுத்தான் போக வேண்டும்.

முன்பெல்லாம் அதிலிருந்த ரூட்டிங் மென்பொருளுக்கு ஒரு வழிதான் பிடிக்கும். இரண்டையும் கண்டுபிடிக்கும், கேபிளை வைத்துக்கொண்டு மற்றதைத் தூக்கிப் போட்டுவிடும். சாயங்காலமானால் விடுதி மொத்தமும் கேபிளில் நெரியும். ரேடியோ சும்மா கிடக்கும்.

"இது என்ன அநியாயம்?" என்று கிளம்பியவள் தில்லை. ஆராய்ச்சி மாணவி. கோடை முழுக்க உட்கார்ந்து நிரல் எழுதி, இரண்டு வழிகளையும் சமமாக வைத்துக்கொள்ள அந்த மென்பொருளைப் பழக்கினாள்.

அந்த வேலையை அவளுக்குக் கற்றுக்கொடுத்தவள் சாரா. வயதில் கொஞ்சம்தான் மூத்தவள். ஆய்வகத்தில் எல்லோருக்கும் அக்கா. வம்புக்கு மட்டும் குரு.

பிறகு மழை வந்தது.

தில்லையின் கணவன் செழியன் கப்பலில் பொறியாளன். வெள்ளிக்கிழமை மாலைகளில் அவனுக்குக் கொஞ்ச நேரம் பேசக் கிடைக்கும். உள்ளே வருவதெல்லாம் கேபிளில் வந்துவிடும் என்பதால் அவன் குரல் பக்கத்தில் நிற்பதுபோல் கேட்கும். வெளியே போகிற இவள் குரல்தான் ரேடியோவில் ஏறி மழையில் கிழிந்துபோகும்.

"பேசு தில்லை. ஏதாவது பேசு." அதிலேயே அவன் நேரம் முடிந்துவிடும். அவள் பேசிக்கொண்டேதான் இருப்பாள்.

ஒருநாள் சாராவிடம் போனாள்.

"குருவே, ஒரு நியாயம் கேக்க வந்திருக்கேன்."

"சண்டைக்கு வந்திருக்கேன்னு சொல்லு."

"கேன்டீன்காரர் கிரிக்கெட் பாத்தா கேபிள்ல போகுது. வாரம் ஒரு தடவை நான் பேசினா மழையில போகுது. ஒவ்வொரு வாரமும்! எப்படித்தான் பிரிக்குது இது?"

"நீ எழுதினதுதானே?"

"ரெண்டு வழியையும் கையில கொடுத்தது நான். யாருக்கு எதுன்னு பிரிக்கிறது லினக்ஸுக்குள்ள இருக்கிற கர்னல்."

"பேசறவங்க கணினியோட முகவரி, கேக்கறவங்க கணினியோட முகவரி. ரெண்டையும் வச்சு ஒரு கணக்குப் போடும், அந்த ரெண்டும் மாறாதவரை வழியும் மாறாது. அவ்வளவுதான்."

"வழி எப்படி இருக்குன்னு பாக்காதா?"

"பாக்காது."

"என்ன பேசறோம்னு?"

"அதுவும் பாக்காது."

"அவரைப் பாத்து எத்தனை நாளாச்சுன்னு..."

சாரா விசைப்பலகையை இழுத்து ஒரு வரி தட்டினாள். ரேடியோ வழியை எடுத்துவிடும் கட்டளை.

"பழையபடி ஒரே வழி. நீயும் கேபிள்ல போகலாம். எண்டரைத் தட்டு."

ஜன்னலுக்கு வெளியே விடுதி வராந்தா. மழைக்கு ஒதுங்கி, காதில் போனோடு, பெண்கள் வரிசையாக நின்றிருந்தார்கள். ஒருத்தி சிரித்தாள். ஒருத்தி கண்ணைத் துடைத்தாள்.

"தட்ட மாட்டேன்."

"ஏன்?"

"இவங்க எல்லாரும் மறுபடி நெரியணுமா?"

தில்லை அந்த வரியைத் தானே அழித்துவிட்டு எழுந்து போனாள்.

அடுத்த வெள்ளிக்கிழமை அவளுக்கு ஒன்று தோன்றியது. இரண்டு முகவரியை வைத்துத்தானே கணக்கு? அதில் ஒன்று என்னுடையது. யாருக்கும் இடைஞ்சல் இல்லை. தன் கணினியின் முகவரியை மாற்றினாள். எந்த வழி என்று கர்னலைக் கேட்டாள். ரேடியோ. இன்னொன்று. ரேடியோ. இன்னொன்று. கேபிள்!

ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். சொல்ல வேண்டியதையெல்லாம் மனதுக்குள் அடுக்கினாள். வெளியே மழை கொட்டியது. கொட்டட்டும் என்றிருந்தது.

அழைப்பு வரவில்லை.

குடையை மடக்கியபடி சாரா உள்ளே வந்தாள். "பேசிட்டியா?"

"வழி சுத்தமா இருக்கு அக்கா. சோதிச்சுப் பாத்துட்டேன், ஒரு சொட்டு சிந்தல. அவர்தான் கூப்பிடல." தன் தந்திரத்தைச் சொன்னாள்.

சாரா கேட்டாள்: "கப்பல்ல இருக்கிறவருக்கு எந்த முகவரி தெரியும்?"

தில்லையின் முகம் வெளிறியது. கப்பல் புறப்படும்போது பதிந்து கொடுத்த அவளுடைய பழைய முகவரிதான். கரைக்குத் திரும்பும்வரை மாற்ற முடியாதது. அவசரமாக அதையே திரும்பப் போட்டாள்.

போட்டதும் மணி அடித்தது.

"தில்லை? எங்க போயிட்டே? எவ்வளவு நேரமா கூப்பிடறேன், யாருமே இல்லாத மாதிரி... என்னமோ ஆயிடுச்சோன்னு பயந்துட்டேன்."

"ஒண்ணும் ஆகல, நான் வந்து..."

"கேக்கல. தில்லை? இருக்கியா?"

அவள் மைக்கைக் கையால் பொத்திக்கொண்டு திரும்பினாள். கண் நிறைந்திருந்தது. "இன்னும் ரெண்டு நிமிஷம்கூட இருக்காது அக்கா. வாரம் பூரா சேத்து வச்சது அத்தனையும் இருக்கு. இந்த மழையில எதைச் சொல்ல?"

"இருக்கேன்னு சொல்லு," என்றாள் சாரா. "போய்ச் சேர்ற வரைக்கும் அதையே சொல்லு."