நாய் ஏன் காலால் சொல்கிறது

அந்தக் காலத்தில் நாயும் பேசும், ஆடும் பேசும், காக்கையும் பேசும். ஒருத்தர் சொன்னதை இன்னொருத்தர் கேட்டார்களா என்றால், அதுதான் இல்லை.

மொக்கையனும் அவன் பெண்டாட்டி சடச்சியும் கிடை போடுகிறவர்கள். அறுப்பு முடிந்த வயலில் ஆடுகளை அடைத்து வைப்பார்கள். புழுக்கை விழுந்து மண்ணுக்கு உரம் ஏறியதும் அடுத்த வயலுக்குக் கிளம்புவார்கள். அவர்களிடம் செவலை என்று ஒரு நாய் இருந்தது. நரி வராமல் பார்த்துக்கொள்வது அதன் வேலை.

செவலைக்கு அரிப்பு வந்தது.

"சடச்சி, அரிக்குது."

"எதுலயாவது போய் உரசிக்க."

"உரசியாச்சு. இன்னும் அரிக்குது."

அப்போதெல்லாம் நாய்க்குக் காலால் சொறியத் தெரியாது. பட்டிக் கம்பில் போய் உரசும். கம்பு சாயும். மொக்கையன் திட்டுவான்.

"கருவாடு தின்னா அப்படித்தான். சூடு. நிறுத்து" என்றான். நிறுத்தினார்கள். கருவாடுதான் போனது, அரிப்பு போகவில்லை.

"தண்ணி சரியில்ல" என்றது கிடாய்.

"ஒண்ணுமில்ல, சும்மா நடிக்குது" என்றது காக்கை.

சடச்சி வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துப் பூசினாள். செவலை மஞ்சளாக நின்றுகொண்டு, "அரிக்குது" என்றது.

கடைசியில் மண்தான் ஆகாது என்று முடிவு செய்தார்கள். கிடைக்காரர்களுக்குத் தெரிந்த ஒரே வைத்தியம் இடம் மாறுவது. ஆட்டுக்குச் சீக்கு வந்தாலும் மாறுவார்கள், ஆளுக்கு ஆள் சண்டை வந்தாலும் மாறுவார்கள். அதனால் மாறினார்கள். மறுபடியும் மாறினார்கள். ஒவ்வொரு தடவையும் செவலையின் படுக்கையைச் சுருட்டித் தலையில் வைத்துக்கொண்டு சடச்சி நடந்தாள். எந்த வயலுக்குப் போனாலும் அரித்தது.

தூக்கம் இல்லாமல் செவலை எலும்பும் தோலுமாகிவிட்டது. ஒரு சாயங்காலம் அது கம்பில் உரசிக்கொண்டிருந்தபோது நரி வந்து குட்டி ஒன்றைக் கவ்விக்கொண்டு போய்விட்டது.

"நாளைக்குக் கிடை கிளம்புது. இந்தச் சனியன் இங்கயே கெடக்கட்டும்" என்றான் மொக்கையன்.

"ஏய்யா, பாவம்யா."

"பாவம் பார்த்துத்தான் குட்டி போச்சு."

செவலை கெஞ்சவில்லை. "அரிக்குது அரிக்குதுன்னு சொல்லி எனக்கே சலிச்சுப்போச்சு. இனிமே நான் வாயத் தொறக்கல" என்றது. அவ்வளவுதான், பேச்சை விட்டுவிட்டது.

காலையில் ஆடுகளை ஓட்டினார்கள். சடச்சி படுக்கையைச் சுருட்டக் குனிந்தாள். பக்கத்தில் செவலை உட்கார்ந்திருந்தது. ஒன்றும் சொல்லாமல், முதல் தடவையாகப் பின்னங்காலைத் தூக்கிக் காதுக்குக் கீழே பரபரவென்று சொறிந்தது. சடச்சி பார்த்தாள். எங்கே அரிக்கிறது என்று அதற்கு முன்னால் பார்த்ததே இல்லையா? இல்லை. காதில் வாங்கிக்கொண்டே வேறு வேலை பார்த்திருக்கிறாள்.

கால் பட்ட இடத்தில் முடியை விலக்கினாள். கறுப்பாக ஒரு தெள்ளுப்பூச்சி. தொட்டதும் குதித்துப் படுக்கைக்குள் ஓடியது. படுக்கையை உதறினாள். உள்ளே கும்பலாகத் துள்ளின.

"எப்போடா வந்தீங்க?"

"நாங்க எங்க வந்தோம்? நீதானே வயலுக்கு வயல் தலையில வச்சுத் தூக்கிட்டு வர்ற" என்றது பூச்சி. "நாங்க ஒளியக்கூட இல்ல. யாரும் கேக்கல."

அது சடச்சி தன் கையால் தைத்த கம்பளி. செவலை குளிரில் நடுங்கக் கூடாது என்று தைத்தது. ஆசையாகச் செய்து கொடுத்ததை யார் சந்தேகப்படுவார்கள்? அவள் அதைத் தூக்கி அடுப்பில் போட்டாள்.

மொக்கையன் திரும்பி வந்து, எரிகிற கம்பளியைப் பார்த்தான், நாயைப் பார்த்தான். "கருவாடு இருந்தா அதுக்கு ஒரு துண்டு போடு. அதுவும் வரட்டும்" என்றான்.

"ஏதாச்சும் பேசேன் செவலை" என்று சடச்சி அழுதாள். செவலை கருவாட்டைத் தின்றது. பேசவில்லை.

அன்றைக்கு விட்ட பேச்சுதான். இன்றுவரைக்கும் நாய் அரிக்கிறது என்று வாயால் சொல்வதில்லை, காலைத் தூக்கி இடத்தைக் காட்டுகிறது. நாம்தான் இன்னமும் கருவாட்டை நிறுத்திக்கொண்டிருக்கிறோம்.