நீலக் குதிகால்

வெகு காலத்துக்கு முன்னால், நெடுங்கரை நாட்டைக் கோலவர்மன் என்றொரு ராஜா ஆண்டுவந்தார். நல்லவர்தான், ஆனால் நீலப் பட்டென்றால் உயிரை விடுவார். விடிந்ததும் ஒரு நீலம், சபைக்கு ஒரு நீலம், தூங்கப் போக இன்னொரு நீலம். அந்த நாட்டில் வேறொரு வேடிக்கையும் உண்டு. சிம்மாசனத்தில் உட்கார்ந்து ராஜா எதைச் சொன்னாலும் கட்டியக்காரன் அதை உரக்கத் திருப்பிச் சொல்வான். சொல்லிவிட்டால் அது சட்டம். ஒருமுறை காலைச் சுற்றிய பூனையிடம், "அடச்சீ, கண்காணாமல் போ!" என்று எரிந்து விழுந்தார். கட்டியக்காரன் கூவிவிட்டான். பாவம், அந்தப் பூனையைப் பல்லக்கில் ஏற்றி எல்லைக்கு அப்பால் விட்டுவிட்டு வந்தார்கள்.

சபையில் ஒரே பெண் மந்திரி வடிவுடையாள். மந்திரியாக இருந்த அப்பா இறந்ததும் அவருடைய முத்திரை மோதிரம் அவள் விரலுக்கு வந்தது. கப்பலேறிப் போன புருஷனிடமிருந்து சேதியே இல்லை. கைக்குழந்தையோடு ஆற்றங்கரைத் தெருவில் குடியிருந்தாள். தெரு என்று சொல்வதே பழக்கத்தினால்தான். கன்னலாறு நீலமாக ஓடத் தொடங்கியதிலிருந்து எல்லோரும் வீட்டைப் பூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். பேச ஆள் கிடையாது. குழம்பு கொதிக்கும்போது, "உப்புப் போட்டேனா, நீ பார்த்தாயா?" என்று குழந்தையிடம் கேட்பாள். குழந்தை கட்டை விரலைச் சப்பும். அதையே பதிலாக எடுத்துக்கொள்வாள்.

ஒருநாள் கால்களை நீட்டி அதன்மேல் குழந்தையைக் கிடத்தி ஆற்றுத் தண்ணீரில் குளிப்பாட்டும்போது பார்த்தால், அதன் குதிகால் நீலமாக இருந்தது. தேய்த்தாள், போகவில்லை. எண்ணெய் வைத்துத் தேய்த்தாள், அப்போதும் போகவில்லை. அன்றிலிருந்து அவளுக்குப் பயம் பிடித்துக்கொண்டது. குழந்தை அயர்ந்து தூங்கினால்கூட மூச்சு வருகிறதா என்று மூக்கருகில் விரல் வைத்துப் பார்ப்பாள்.

தெப்பத் திருவிழா நெருங்கியது. ஆற்றைப் பார்த்து ராஜா முகம் சுளித்தார். சாயச்சாலைத் தலைவர் பொன்வரதருக்கு வடிவின் மோதிரத்தின் மேல் வெகுநாளாய் ஒரு கண். அவர் சபையில் எழுந்தார்.

"அரசே, சாயம் போடுவது என் வேலை. ஆற்றைச் சுத்தமாக வைப்பது மந்திரியம்மா வேலை. அம்மாவுக்குத் தாலாட்டுப் பாடவே பொழுது போதவில்லை போலிருக்கிறது!"

சபை சிரித்தது.

"தெப்பத்துக்குள் ஆறு தெளிய வேண்டும், வடிவு. இல்லாவிட்டால் மோதிரத்தைக் கழற்றி வைத்துவிட்டு நாட்டை விட்டுப் போ" என்றார் ராஜா. கட்டியக்காரன் கூவினான். ஆயிற்று, சட்டம்.

போவதென்றால் எங்கே போவது? கப்பல் திரும்பினால் அந்த மனுஷன் எந்தக் கதவைத் தட்டுவான்?

குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு கரையோடு மேலே நடந்தாள். சாயச்சாலையில் ராஜாவின் பட்டை ஒரே முறை முக்கி எடுத்தார்கள். அப்புறம் தொட்டியை அப்படியே வாய்க்காலில் கவிழ்த்தார்கள்.

"இன்னும் கெட்டியாக இருக்கிறதே, ஏன் கொட்டுகிறீர்கள்?"

"ராஜா பட்டு முங்கின தொட்டியம்மா" என்றாள் சாயம் கலக்குகிற பெண். "அதில் மிஞ்சினது வேறு யார் துணியிலும் படக்கூடாதாம். பொன்வரதர் ஐயா உத்தரவு."

மறுநாள் வடிவு சொன்னபடி சபைக்கு ஒரு தொட்டி நிறையச் சாயம் வந்து இறங்கியது. அவள் குழந்தையை ஓரமாகக் கிடத்தினாள். தொட்டியின் அடித்துளையைத் திறந்துவிட்டு, பழைய சேலைத் துணியோடு தரையில் மண்டியிட்டாள். சாயம் ஓடியது. துடைத்தாள், பிழிந்தாள், மறுபடி துடைத்தாள்.

"மோதிரம் போனபின் செய்யப்போகும் வேலையை அம்மா இப்போதே பழகுகிறார்!" என்றார் பொன்வரதர். எல்லோரும் சிரித்தார்கள். அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை. சாயம் சிம்மாசனத்தடி வெள்ளைக் கம்பளத்தைத் தொட்டது. ராஜா இரண்டு காலையும் தூக்கி மேலே வைத்துக்கொண்டார்.

"பைத்தியமா உனக்கு? மேலே கொட்டிக்கொண்டே இருந்தால் கீழே துடைத்து எப்போது தீரும்? எவர் கொட்டுகிற சாயமானாலும் கொட்டுகிற இடத்திலேயே நிறுத்து!"

கட்டியக்காரன் மூச்சைப் பிடித்துக்கொண்டு கூவினான்: "எவர் கொட்டுகிற சாயமானாலும் கொட்டுகிற இடத்திலேயே நிறுத்து!"

வடிவு துளையை அடைத்தாள். பொன்வரதர் முகத்தில் ஈயாடவில்லை.

"அரசே! சாயச்சாலையை நிறுத்தினால் தங்கள் பட்டு?"

"சாயச்சாலையை யார் நிறுத்தச் சொன்னது? கொட்டுவதைத்தான் நிறுத்தச் சொன்னார்" என்றாள் வடிவு. "அரசர் பட்டு முங்கிய தொட்டியிலேயே அடுத்து ராணியம்மா சேலையை முக்குங்கள், வான நிறம் வரும். அப்புறம் சேவகர் தலைப்பாகை, அது இளநீலம். கடைசியில் கொட்டுவதற்கு என்ன மிஞ்சும்? வெறும் தண்ணீர்தான்."

ராஜா தாடியைத் தடவினார். "என் மிச்சம் இன்னொருவர் மேலே படுவதா?"

வடிவு எழுந்து குழந்தையைத் தூக்கிக்கொண்டு அவர் பக்கத்தில் போனாள். குட்டிக் குதிகாலைத் திருப்பிக் காட்டினாள்.

"ஏற்கெனவே பட்டுவிட்டது, அரசே. துணியில் பட்டிருந்தால் அழகாயிருந்திருக்கும்."

யாரும் சிரிக்கவில்லை. ராஜா அந்தக் குதிகாலைத் தன் கட்டை விரலால் தேய்த்துப் பார்த்தார். போகவில்லை.

"அவள் சொன்னபடியே செய்யுங்கள்" என்றார். "உனக்கு என்ன வேண்டும், வடிவு?"

"பக்கத்து வீட்டில் ஒரு ஆள் வேண்டும், அரசே. சண்டைக்காரராக இருந்தாலும் பரவாயில்லை."

ராஜா பொன்வரதரைப் பார்த்தார். "நீர் குடும்பத்தோடு அந்தத் தெருவுக்குக் குடிபோம். மந்திரிக்கு அடுத்த வீடு. இனி அந்த ஆற்றில்தான் உமக்குக் குளியல், அந்தத் தெருக் கிணற்றில்தான் உமக்குக் குடிதண்ணீர்."

இதைக் கட்டியக்காரன் கொஞ்சம் சந்தோஷமாகவே கூவினான்.

தெப்பத்துக்குள் ஆறு தெளிந்தது. மோதிரம் விரலிலேயே இருந்தது. கப்பல் வரவில்லை. எதிர்வீடுகளில் பூட்டுத் தொங்கியது. பக்கத்து வீட்டுப் பூட்டு மட்டும் திறந்திருந்தது. ஒருநாள் காலையில் மதிலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து பொன்வரதர் சம்சாரத்தின் குரல் கிளம்பியது.

"யாரம்மா அது? பிள்ளையை இப்படிக் கத்தவிட்டால் மனுஷர் தூங்க வேண்டாமா?"

வடிவு குழந்தையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டாள். அடுப்பில் குழம்பு கொதித்தது. உப்புப் போட்டோமா என்று சந்தேகம். குழந்தையைக் கேட்கவில்லை. ஒரு கரண்டியில் எடுத்துக்கொண்டு மதிலோரம் போனாள்.

"அக்கா, கொஞ்சம் வாயில் விட்டுப் பார்த்துச் சொல்லுங்களேன்."