வெள்ளி வந்த தூரம்

பாளையங்கோட்டையில் ஒரு மாடி அறையில், கட்டைவிரல் உயரமுள்ள கண்ணாடிக் குப்பிக்குள் வெள்ளி வாழ்ந்து வந்தது. நகைக்கடை வெள்ளி அல்ல. சின்னஞ்சிறு மாதிரி ரயிலுக்கும் விமானத்துக்கும் அடிக்கிற லாக்கர் பெயிண்டில், மாவைவிட மெல்லிய உலோகப் பொடியாக மிதக்கும் வெள்ளி. அதனோடு ஓர் இரும்புக் குண்டும் அந்தக் குப்பிக்குள் குடியிருந்தது. குப்பியைக் குலுக்கும்போது உருண்டு உருண்டு பெயிண்டைக் கலக்குவது குண்டின் வேலை.

அறைக்குச் சொந்தக்காரி பியூலா. வாரம் முழுக்கப் பல் செட் செய்யும் கூடத்தில் வேலை. ஞாயிற்றுக்கிழமை மதியம் மட்டும் மாதிரிகள் செய்வாள்.

முதல் தடவை வெள்ளி வெளியே வந்தது ஒரு நீராவி எஞ்சினுக்காக. உள்ளங்கை நீள எஞ்சின். சாம்பல் நிற பிளாஸ்டிக். அதைப் பார்த்ததும் வெள்ளிக்கு மனசு நிறைந்துபோயிற்று. 'இத்தனை அழகான முகம் இப்படி மங்கிக் கிடக்கிறதே' என்று இருந்ததையெல்லாம் அள்ளிக்கொண்டு போய் அதன்மேல் விழுந்தது.

"எரியுது" என்றது எஞ்சின்.

"கொஞ்சம் பொறு. எப்படி மின்னப்போகிறாய் பார்."

எஞ்சின் மறுபடி பேசவில்லை. லாக்கரின் காரம் பிளாஸ்டிக்கைத் தின்றுவிட்டது. நெற்றியில் சுருக்கம் விழுந்தது, பக்கமெல்லாம் மயிரிழை வெடிப்புகள் ஓடின, வரிசை வரிசையாக இருந்த ஆணித்தலைகள் கரைந்து வழுவழுத்துப் போயின.

பியூலா அதைக் கையிலெடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "தப்பு எம்மேலதான்" என்று கணவன் டென்சிங்கிடம் சொன்னாள். "அடியில ஒண்ணும் பூசாம, அவ்வளவு கிட்ட வச்சு அடிச்சிட்டேன்." ஆனால் அதற்குள் குப்பி மூடப்பட்டிருந்தது. வெள்ளிக்கு அது கேட்கவில்லை.

அன்றிலிருந்து வெள்ளி அடியில் படிந்து உறைந்தது. மேலே தெளிந்த திரவம் நின்றது. பக்கத்தில் குண்டு அசையாமல் கிடந்தது. ஒன்றரை வருஷம் போயிற்று.

ஒரு ஞாயிற்றுக்கிழமை குப்பி குலுங்கியது. குண்டு உருண்டு வந்து வெள்ளியைத் தட்டியது.

"எழுந்திரு. ஒரு விமானம் வந்திருக்கிறது."

"வேறு நிறத்தைக் கூப்பிடச் சொல். நான் தொட்டால் தாங்காது."

"உன்னைத்தான் கூப்பிடுகிறாள்."

"எஞ்சினின் முகத்தை நீ பார்க்கவில்லை. நான் பார்த்தேன்."

குண்டு தட்டிக்கொண்டே இருந்தது. கடைசியில் வெள்ளி புகைபோலச் சுருண்டு மேலே வந்தது, மனசில்லாமல்.

மேஜைமேல் விமானம் நின்றது. பியூலா அதைப் பல் செட்டைத் தேய்க்கிற மாதிரியே தேய்த்து வழவழப்பாக்கி, மேலே பளபளக்கும் கறுப்பு பூசி, ஒரு வாரம் காயவிட்டிருந்தாள். கிணற்றுத் தண்ணீர்போல ஆழமாக இருந்தது அந்தக் கறுப்பு. விமானம் அதைப் போர்த்திக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தது.

"வா" என்றது கறுப்பு.

"என்னிடம் காரம் இருக்கிறது. விமானத்துக்கு எரியும்."

"நடுவில் நான் இருக்கிறேன். எதுவானாலும் என்னைத் தாண்டித்தான் போகவேண்டும். நீ கொஞ்சமாக வா. தூரத்திலிருந்து வா."

"கொஞ்சமாக வர எனக்குத் தெரியாது" என்றது வெள்ளி.

காற்றால் பெயிண்டைத் தூவுகிற, பேனா போன்ற ஏர்பிரஷ்ஷில் பியூலா சில சொட்டுகள் ஊற்றினாள். ஒரு சாண் தள்ளிப் பிடித்தாள். காற்று திறந்தது.

வெள்ளி ஒன்றாக இருந்தது. ஊசித் துளையைத் தாண்டியதும் கோடியாயிற்று. ஒவ்வொரு துகளுக்கும் எடையே இல்லை. ஜன்னல் வெயிலுக்குள் புகுந்து, நீந்தி, புரண்டு, எந்தப் பக்கம் மேல், எந்தப் பக்கம் கீழ் என்று தெரியாமல் போய்க்கொண்டிருந்தது. அந்த ஒரு சாண் தூரம் ஒரு கடல்போல நீண்டது. போகிற வழியில் அதன் காரமெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகக் காற்றில் கழன்று போயிற்று. எரித்தது நானல்ல, என்னைச் சுமந்து வந்த அவசரம் என்று அப்போதுதான் அதற்குப் புரிந்தது. விமானத்தைச் சேர்ந்தபோது வெறும் தூசியாக இறங்கியது.

கறுப்பின்மேல் ஏதோ மூச்சுவிட்ட மாதிரி ஒரு மங்கல். அவ்வளவுதான்.

டென்சிங் காப்பி டம்ளரோடு வாசலில் நின்று பார்த்தான். "என்ன, பாதியிலே நிறுத்திட்டே?"

"இப்போதைக்கு இது போதும்."

"அடிச்ச மாதிரியே தெரியலையே."

"அப்படித்தான் அடிக்கணும்."

ஏர்பிரஷ்ஷில் மிச்சமிருந்த வெள்ளிக்குப் பழைய வேகம் வந்தது. ஒரே பாய்ச்சலில் விழுந்து முழுசாக மூடிவிடலாம் என்று துடித்தது. பியூலாவோ கைகளை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலைப் பார்த்தாள். காப்பி குடித்தாள். வெள்ளியும் வேறு வழியில்லாமல் காத்திருந்தது. காத்திருக்கக் காத்திருக்க அந்தத் துடிப்பு அடங்கியது.

மறுபடி ஒரு மூச்சு. பிறகு இன்னொன்று. நான்காம் தடவையில் கறுப்பு கண்ணுக்கு மறைந்தது. மறைந்த இடத்திலிருந்து வெளிச்சம் எழுந்து வந்தது. மூக்கிலிருந்து வால்வரை விமானம் உருக்கி வார்த்ததுபோல நின்றது; ஓர் ஆணித்தலைகூடக் கரையவில்லை, ஒரு கோடுகூட அழியவில்லை. பியூலா குனிந்து பார்த்தாள். டென்சிங்கும் பக்கத்தில் வந்து நின்றான்.

வெள்ளி மெல்லக் கேட்டது: "எரிகிறதா?"

விமானம் அப்போதுதான் கண் விழித்தது. "யார் நீ? எப்போது வந்தாய்?"

சொல்வதற்கு வெள்ளியிடம் எவ்வளவோ இருந்தது. ஆனால் அந்த நேரம் ஜன்னலுக்கு வெளியே போன மேகம் ஒன்று அந்தப் பளபளப்புக்குள் பிம்பமாக வந்து, இடது இறக்கையின்மேல் மெதுவாக நகர்ந்துகொண்டிருந்தது. விமானம் அதையே பார்த்தது.

மேகம் கலைந்துவிடக் கூடாதே என்று வெள்ளி அசையாமல் படுத்திருந்தது.