கெண்டியைக் கேட்ட ராசா மக

உம் கொட்டணும், கொட்டாட்டி பாதியிலேயே நிறுத்திப்புடுவேன். ஒரு ஊர்ல வெள்ளையப்ப ராசான்னு ஒருத்தர் இருந்தாராம், யார் வந்து எதைக் கேட்டாலும் இல்லைன்னே சொல்ல மாட்டாராம். வெள்ளிக் கெண்டி ஒண்ணு வச்சிருந்தாரு, அதுலேருந்து கேட்டவன் கையில தண்ணிய தாரை வார்த்துட்டா முடிஞ்சுது, பொருள் அவனுக்குத்தான். நாடு பூரா அவரு பேச்சுதான்.

பேரு அவருக்கு, பொருளு யாருது? அங்கதான் எனக்கு வயிறு எரியுது. அவருக்கு ஒரே மக, சிட்டம்மா, தாயில்லாப் பிள்ளை. ஒருத்தன் வந்து பாடுனான், அவ கால் கொலுசு போச்சு. இன்னொருத்தன் வந்து பாடுனான், அவ படுக்குற கட்டில் போச்சு. மூணாவது ஒருத்தன் வந்து பாடுனான், அவ சங்குல பால் ஊட்டி வளர்த்த ஆட்டுக்குட்டி போச்சு, அன்னிக்கே கறியாவும் போச்சு. அவ அழுதா, ஊர்ச்சனம் என்ன சொல்லுச்சு தெரியுமா? "இப்பேர்ப்பட்ட அப்பனுக்குப் பொறக்கக் கொடுத்து வச்சிருக்கணும்டி"ன்னு சொல்லுச்சு. நரம்பில்லாத நாக்கு, என்னதான் பேசாது.

அப்புறம் ஒரு நாள் சங்கிலிப் புலவன்னு ஒருத்தன் வந்தான், முகஸ்துதி பாடியே தொந்தி வளர்த்தவன். "ராசா, எங்க வீட்ல பத்துப்பாத்திரம் தேய்க்க ஆளில்ல, உங்க மகளைக் கொடுங்க"ன்னான். ராசா கண்ணுல தண்ணி வந்துருச்சு. வந்து என்ன செய்ய, சபை பாக்குதே, பேரு போயிருமே, கெண்டியைத் தூக்கிட்டாரு. பெத்த மனசு பித்துன்னு எவன் சொன்னான்?

சிட்டம்மா விறுவிறுன்னு புலவனுக்கு முன்னால வந்து நின்னா.

"ராசாவே, எனக்கும் ஒண்ணு வேணும்."

"வரிசையில வரணும்மா"ன்னாரு ராசா.

"பொறந்ததுலேருந்து வரிசையிலதான் நிக்கிறேன். அந்தக் கெண்டியைக் கொடுங்க."

இல்லைன்னு சொல்லத் தெரியாத மனுசன், மக கையில தண்ணி வார்த்துக் கெண்டியைக் கொடுத்துட்டாரு. அவ என்ன செஞ்சா, அதே கெண்டியைச் சாய்ச்சுப் புலவன் கையில வார்த்தா. "பாத்திரம் தேய்க்க ஆள் கேட்டீங்கல்ல, எங்க அப்பாவைக் கொடுத்தேன், கூட்டிட்டுப் போங்க"ன்னா.

"அப்பனைக் கொடுக்க நீ யாருடி"ன்னு புலவன் பதறுனான்.

"மகளை அப்பா கொடுக்கலாம்னா, அப்பாவை மக கொடுக்கலாம்"னா. தண்ணி வார்த்தாச்சே, ராசா எந்திரிச்சுப் புலவன் பின்னால போனாரு.

அப்புறம் ராசா புலவன் வீட்டுல குந்திச் சாம்பல் போட்டுத் தேய்ச்சாரு. ஆனா கொடுத்துப் பழகுன கை சும்மா இருக்குமா? பிச்சைக்காரன் கேட்டான், தேய்ச்ச குண்டானைக் கொடுத்தாரு. வழிப்போக்கன் கேட்டான், பசுமாட்டை அவுத்துக் கொடுத்தாரு. மழைக்கு ஒதுங்குனவன் கேட்டான், கூரையையே பிரிச்சுக் கொடுத்தாரு.

புலவன் தொப்பலா நனைஞ்சு அரண்மனைக்கு ஓடி வந்தான். "தாயே, உங்க அப்பாவைத் திருப்பி எடுத்துக்குங்க."

"கொடுத்ததைத் திரும்ப வாங்குற பழக்கம் எங்க வம்சத்துலேயே கிடையாது"ன்னுட்டா சிட்டம்மா.

புலவன் நனைஞ்சது நனைஞ்சதுதான், கதை முடிஞ்சது முடிஞ்சதுதான். ஊருக்குக் கொடுக்குறவன் தன் வட்டில்லேருந்து கொடுக்கட்டும், பிள்ளை வட்டில்ல கை வைக்க வேண்டாம்.