கரையில் குவிந்த நத்தை ஓடுகள்

நத்தைகுத்தி நாரை நத்தை ஓட்டை உடைத்துத் தின்கிறது என்று படித்தவர்களே நம்புகிறார்கள். இந்தப் பிழையை இனியும் பொறுப்பதற்கில்லை. அது சதையை மட்டும் உருவிக்கொண்டு, ஓட்டை முழுதாக விட்டுவிடும். இந்தக் கதைக்கு அது முக்கியம்.

ஒரு காட்டில் ஐந்து குளங்கள் சேர்ந்து ஐங்குளக் கூட்டமைப்பு வைத்திருந்தன. காவல் வேலை ஆள்காட்டிக் குருவிகளுக்கு. காட்டுப்பூனை எந்தப் பக்கம் புறப்பட்டாலும் அவை கத்தும். சத்தம் குளத்துக்குக் குளம் தாவும். அதற்காக ஒவ்வொரு குளமும் அவற்றுக்குக் கொஞ்சம் நத்தை அனுப்பியது.

நடுக்குளத்தில் திறவலகன் என்றொரு நத்தைகுத்தி நாரை. ஒருநாள் அவன் கரையில் முழு முழு ஓடுகளாக மலைபோல் குவித்தான்.

"பாருங்கள்! நம் நத்தையெல்லாம் வெளியூர்க் குருவிகளின் வயிற்றுக்குப் போகிறது! கூட்டமைப்பை விட்டு விலகிவிட்டால் இவ்வளவும் நம் குஞ்சுகளுக்கு!"

தாழைக்கோழி குங்குமிக்கு நான்கு குஞ்சுகள். எப்போதும் பசி. அவள் குவியலையே பார்த்தாள்.

"வெளியூர் போன நத்தையின் ஓடு இங்கே எப்படி வந்தது, தம்பி?" என்றது ஆமை.

"ஓகோ! ஆமையார் குருவிகளின் ஆளா?"

எல்லாரும் சிரித்தார்கள்.

"சரி, பூனை வந்தால்?" என்றது ஆமை.

"பூனையா! இங்கே யாராவது பூனையைப் பார்த்திருக்கிறீர்களா?"

யாரும் பார்த்ததில்லை.

"விலகச் சம்மதிப்பவர்கள் சிறகை விரியுங்கள்! மறுப்பவர்கள் மடக்குங்கள்!"

மற்றவர்களோடு குங்குமியும் விரித்தாள். ஆமைக்குச் சிறகு இல்லாததால் அதன் கருத்து கணக்கில் வரவில்லை.

ஆள்காட்டிகள் சண்டை போடவில்லை. "குஞ்சுகளைப் பார்த்துக்கொள் அம்மா" என்று குங்குமியிடம் சொல்லிவிட்டுப் பக்கத்துக் குளத்துக்குப் பறந்தன.

சில நாள் கழித்து, விடியலில், கோரைப் புல் அசைந்தது. யாரும் கத்தவில்லை. திறவலகன் பூனையைக் கண்டதும் மருதமரத்தின் உச்சிக்குப் பறந்துவிட்டான்.

இரை தேடப் போயிருந்த குங்குமி திரும்பி வந்தாள். கூட்டில் சத்தமில்லை. அலகில் இருந்த நத்தையை அவள் வெகுநேரம் கீழே வைக்கவில்லை.

நாம் கொடுப்பதை மட்டும் குவித்துக் காட்டுகிறவரிடம், நாம் பெறுவது எங்கே என்று கேட்காமல் சிறகை விரிக்கக் கூடாது.

அந்த ஆண்டு நடுக்குளத்தில் நத்தை மிஞ்சிப்போனது.